கண்ணாடியை மடித்தால் எழுந்துவிட வேண்டும்

என் அத்தானை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பாதிவிலை' என்பார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் பட்டம் வாங்கியவர் மாதிரித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இப்போது ஒன்றரை வருடமாக அந்தப் பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை.

எங்கள் வாசலில் ஒரு பெரிய வண்டி நிற்கிறது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிற, கல்லிலும் சேற்றிலும் ஏறுகிற வண்டி. அதைக் கேட்ட விலையிலிருந்து பதினொரு சதவீதம் குறைத்து வாங்கினார். குறைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதில் நாற்பத்தொரு நிமிடம் அவர் மனைவி, அதாவது என் அக்கா, ஷோரூம் வாசல் படியில் மூளை ரத்தக்குழாய் அடைத்து, ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவரைத் திட்டித் தீர்க்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஆள் யார் என்று சொல்லாமல் திட்டினால் எடுபடாது. அதனால் முதலில் ஆள்.

அத்தான் டீசல் ஜெனரேட்டர் மெக்கானிக். மலை உச்சியில் நிற்கின்றனவே செல்போன் கோபுரங்கள், மின்சாரம் போனால் அவற்றை உயிரோடு வைத்திருப்பது அடியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஓடுகிற ஜெனரேட்டர்தான். அது நின்றால் அத்தானுக்கு ஃபோன் வரும். தார் ரோடு எங்கே முடிகிறதோ அங்கே பழைய வேனை நிறுத்துவார். இருபது கிலோ கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மீதி வழியை நடந்தே ஏறுவார். இருபத்தாறு வருடம் ஏறினார். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. நூறு அடிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தத்தை மட்டும் கேட்டே, "இன்ஜெக்டர் அடைச்சிருக்கு" என்று சொல்லிவிடுவார். கொட்டகையைத் திறந்து பார்த்தால் அடைத்துத்தான் இருக்கும்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போன அன்று, "மாடி ரூமு சும்மாதானே கெடக்கு, வந்து இரு சின்னவளே" என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டவர் அவர்தான். பதினோரு வருடமாக வாடகை என்ற சொல்லே அந்த வாயில் வந்ததில்லை. கடைக்குள் கால் வைத்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். வேலைக்குப் போன முதல் மாதச் சம்பளத்தில் ஒரு ஸ்பேனர் செட் வாங்கினாராம். மறுநாள் கூட வேலை பார்த்தவர் அதே கடையில் அதே செட்டைப் பாதி விலைக்கு வாங்கி வந்து எல்லார் முன்னாலும் காட்டினாராம்.

"காசு போனது போகட்டும் சின்னவளே. எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்தாங்க பாரு. ஏமாந்தவன் மூஞ்சி. அதை மறுபடியும் ஒருத்தனுக்கும் காட்டக் கூடாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்."

அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு இருவருமாகச் சேர்ந்து ஒரு கூத்து உண்டாக்கினார்கள். அத்தான் விலை பேசுவார். அக்கா பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று ஈ எறும்புக்குக்கூடத் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். பேச்சு முட்டிக்கொண்டு நின்றால் அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசை மேல் வைப்பார். அதுதான் சைகை. அக்கா கைப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே நடந்துவிடுவாள். அத்தானும் கையை விரித்துக்கொண்டே எழுந்து அவள் பின்னால் கிளம்புவார். "பாத்தீங்களா, வீட்ல ஒத்துக்கல. நான் என்ன பண்ணட்டும்?" அக்கா வாசலைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் பின்னாலேயே ஓடுவார். "அம்மா, அம்மா, வாங்க, உக்காந்து பேசிக்கலாம்."

ஃபிரிட்ஜ், கட்டில், தையல் மெஷின், வீட்டுக்கு அடித்த பெயின்ட், எல்லாம் இந்தக் கூத்தில் வந்தவைதான். ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், பீரோ வாங்க. உள்ளே நுழைந்ததும், "அய்யோ அக்கா, கண்ணாடி எவ்வளவு பெருசு பாரேன், இதையே எடுத்துருவோம்" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் முகம் மலர்ந்த மலர்ச்சியை இன்றைக்கும் மறக்க முடியாது. அன்று பேரம் படுத்துவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அத்தான் பேசவே இல்லை. அதற்குப் பிறகு எனக்குக் கடைத் தடை. "அவளுக்கு மூஞ்சியில மூடியே கெடையாது" என்று அக்கா என்னைக் கேலி செய்வாள்.

கூத்து முடிந்து வீட்டுக்கு வந்தால் அக்கா டீ போடுவாள். கடைக்காரர் ஓடி வந்த ஓட்டம், வியர்வையைத் துடைத்த விதம், எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கேயும் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. கடைதான் அவர்களுடைய உல்லாசப் பயணம். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், என்னதான் வயிறு எரிந்தாலும்.

வண்டிப் பேச்சு எப்படி வந்தது என்றால், அத்தானுடைய இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கோபுரக் கம்பெனியும் ஒரு கடிதம் அனுப்பியது. அடுத்த வருடத்திலிருந்து, கொட்டகை வாசல் வரை ஏறுகிற வண்டி சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் ஒப்பந்தம். வண்டி இல்லையென்றால் இருபத்தாறு வருடப் பிழைப்புக்குக் கும்பிடு. அத்தான் யோசித்துக்கொண்டே இருந்தார். அக்காதான் பிடிவாதமாக நின்றாள். ராத்திரி ராத்திரி அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்தவள் அவள். "வாங்குங்க. இந்தக் காலை இன்னும் எத்தனை நாளைக்கு நான் பிசையறது?" என்றாள்.

அதற்கப்புறம் அத்தானைப் பிடிக்க முடியவில்லை. மூன்று டீலர்களிடம் விலைப்பட்டியல் வாங்கினார். நான் வேலை செய்கிற ஜெராக்ஸ் கடையில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய தாளில் எடுத்துக் கொடுத்தேன். டீலருக்குக் கம்பெனி என்ன விலைக்குத் தருகிறது, எவ்வளவு லாபம் நிற்கும், எந்த மாதம் எவ்வளவு தள்ளுபடி, எல்லாவற்றையும் பழைய டீலர் கணக்கர் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டு வந்தார். மாதக் கடைசி நாள்தான் போக வேண்டும், அன்றைக்குத்தான் விற்பவருக்கு மாத இலக்கின் எண்ணிக்கை இடிக்கும் என்றார். நெடுஞ்சாலையில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலிருந்த ஷோரூம் முடிவாயிற்று.

அன்று காலை அடுப்படியில் அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"தலை கனமா இருக்கு. ராத்திரி பிரஷர் மாத்திரை போட மறந்துட்டேன்."

"அப்போ போகாத. படு."

"நான் போகலன்னா அவரு யாரை வெச்சுக் கூத்து கட்டுவாரு? உன்னையா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அக்கா என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். வாயால் பேசிய பேச்சைச் சொல்கிறேன்.

ஷோரூமில் நடந்ததை அத்தானும், விற்பனைக்கு இருந்தவரும், வாசல் காவலரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கவில்லை.

விற்பனைக்காரர் நாற்பது வயதுக்காரர், கழுத்தில் டை. கண்ணாடி மேசை, குளிர்சாதனம், காகிதக் கோப்பையில் காபி. முதல் விலைப்பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார். மாதத் தவணை எவ்வளவு வரும் என்று ஆரம்பித்தவரை அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாசக் கணக்கு வேணாம் தம்பி. வண்டி என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறதுக்கு மொத்தம் எவ்வளவு, அதை மட்டும் எழுதுங்க."

எழுதினார். அத்தான் பேனாவை எடுத்தார். கையாளும் கட்டணம் என்று ஒரு வரி. "யாரு எதைக் கையாண்டீங்க?" அடித்தார். பெயின்டுக்கு மேல் பூச்சு என்று ஒரு வரி. அடித்தார். பிறகு எழுந்து போய், நிற்கிற வண்டியின் கதவைத் திறந்து, ஓரத்தில் அடித்திருந்த தகட்டைப் படித்துவிட்டு வந்தார்.

"இந்த வண்டி செஞ்சு ஏழு மாசம் ஆச்சு. ஏழு மாசமா உங்க யார்டுல வெயில் குடிச்ச வண்டிக்கு நேத்துப் பொறந்த விலையா?"

விற்பனைக்காரர் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா எழுந்தாள்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்ற நினைக்கவும் இல்லை. பேச்சு இன்னும் முட்டவே இல்லை, அதற்கு இன்னும் கால் மணி நேரமாவது இருந்தது. அக்கா தானாகவே எழுந்தாள். மேசையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றாள், திரும்பி, வாசலைப் பார்த்து நடந்தாள். கொஞ்சம் கோணலாக நடந்தாளாம், கோபத்தில் நடப்பவள் மாதிரி.

"அப்படியே அசந்து போயிட்டேன் சின்னவளே" என்றார் அத்தான் என்னிடம், பிற்பாடு. "நான் சொல்லாமயே நேரம் பாத்து எழுந்துட்டாளே, முப்பது வருஷத்துல என்னையே மிஞ்சிட்டாளேன்னு நெனச்சேன். பெருமையா இருந்துச்சு."

பெருமை! இந்தச் சொல்லைக் கேட்ட அன்று மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

அத்தான் கையை விரித்தார். வீட்ல ஒத்துக்கல என்றார். ஆனால் வழக்கம் போல அவரும் எழுந்து அவள் பின்னால் போகவில்லை. அக்கா முன்கூட்டியே எழுந்துவிட்டதால், அதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியதாம். விற்பனைக்காரர் பதறிக்கொண்டு இரண்டாவது பட்டியலை அச்செடுத்து வந்தார். நான்கு சதவீதம் குறைந்திருந்தது. அத்தான் இன்சூரன்ஸை வெளியில் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்றாவது பட்டியல் வந்தது. ஏழு.

அந்த நேரத்தில் வாசல் காவலர் உள்ளே வந்தார். வயதான மனிதர்.

"சார், வெளிய அம்மா ஒரு மாதிரியா உக்காந்திருக்காங்க. கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க."

அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கோவத்துல இருக்கா. பேச மாட்டா" என்றார். பிறகு விற்பனைக்காரரைப் பார்த்து, "கேட்டீங்களா? இந்த ஏழு பர்சென்ட்டை எடுத்துக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட வெளிய போறது?" என்றார்.

அந்த ஒரு பேச்சில்தான் மேனேஜர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். அந்த ஒரு பேச்சில்தான் வண்டியின் வயிற்றில் கல் அடிக்காமல் தடுக்கிற இரும்புத் தகடும், நான்கு ரப்பர் விரிப்பும், மீதி நான்கு சதவீதமும் வந்தன. மேனேஜர் கை கொடுத்தார். "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்ல சார்" என்றார்.

அத்தான் நான்காவது பட்டியலைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார், ஆமாம், அந்த முழங்காலோடு ஓடினார். அக்கா படியில் சுவரில் சாய்ந்திருந்தாள். "ஏம்மா, பதினொண்ணு! பதினொண்ணு!" என்றார். அக்கா அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். ஒரு பக்கம்தான் சிரித்தது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுக்கிற மெஷின் இல்லை. இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அத்தானிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? சரியாச் சொல்லுங்க, நிமிஷம் முக்கியம்."

அத்தான் சட்டைப் பையிலிருந்து விலைப்பட்டியல்களை எடுத்தார். நான்கையும் டாக்டர் மேசையில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் அச்செடுத்த நேரம் இருந்தது. 11.06. 11.19. 11.34. 11.51. முதல் தாளுக்கும் இரண்டாவது தாளுக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"இங்க" என்றார். "முதல் தாள் வந்து நாலு நிமிஷம் இருக்கும். பதினொண்ணு பத்து."

டாக்டர் கடைசித் தாளையும் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். சிவப்புப் பேனாவால் முதல் இரண்டு தாளின் நேரத்தையும் வட்டம் போட்டு, கேஸ் தாளில் எழுதிக்கொண்டார். வெளியே நின்று நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். உடனே கொண்டு வந்திருந்தால் பேச்சு தப்பித்திருக்குமா டாக்டர் என்று கேட்டேன். "தப்பிச்சிருக்கலாம். தப்பிக்காமலும் போயிருக்கலாம். யாராலும் சொல்ல முடியாதும்மா" என்றார். தப்பித்திருக்காது என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனிதர்?

அக்கா ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். வலது கையும் வலது காலும் இல்லை. பேச்சு இல்லை. நாம் பேசுவது புரிகிறது என்கிறார்கள், எவ்வளவு புரிகிறது என்று தெரியாது என்கிறார்கள். நான் அத்தானோடு மூன்று மாதம் பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே நோயாளியை இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்தோம். வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் பார்த்தார். ஆனால் வண்டி இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லையென்றால் அக்காவின் மருந்து இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். அது கோபுரத்தின் காலடி வரை ஏறுகிறது. அவர் முழங்காலுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை.

அதற்கப்புறம் அவர் எங்கேயும் விலை பேசியதில்லை. காய்கறி விற்பவர் சொன்னதைக் கொடுத்துவிட்டு வருவார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் மூன்று மடங்கு கேட்டார், எண்ணிக் கொடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மூன்று மாத மௌனம் அன்றைக்குத்தான் உடைந்தது.

"ஏன் அத்தான் இப்படி ஏமாந்துக்கிட்டே இருக்கீங்க? ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும்" என்றார்.

ஒரு நாள் ஷோரூமுக்கே போய், அந்தப் பதினொரு சதவீதத்தைத் திருப்பிக் கட்டுகிறேன் என்று நின்றிருக்கிறார். மேனேஜர் காபி வரவழைத்து, "சார், இதை நான் எந்தக் கணக்குல எழுத முடியும்? வீட்டுக்குப் போங்க சார்" என்று சொல்லி அனுப்பினாராம். வாசல் காவலர் வண்டிவரை கூட வந்தாராம். நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கணும் சார் என்று அழுதாராம். அழ வேண்டியவர் அவரா? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு ஒரு மத்தியானம். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் கைப்பையைத் தட்டித் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னவளே, உன்கிட்ட ஒண்ணு சொல்லல."

"என்ன?"

"அன்னிக்கு அவ எழுந்து போனப்போ பை நாற்காலிலயே இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போகல."

நான் ஆணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட அவ பையை விட்டுட்டுப் போனதில்ல. நான் பாத்தேன். பையைப் பாத்தேன். ஒரு மாதிரி உறுத்துச்சு. அப்போதான் அந்தத் தம்பி ரெண்டாவது தாளை நீட்டினாரு. சரி, மறந்திருப்பான்னு நெனச்சுக்கிட்டு, தாளைப் பாத்தேன்."

எனக்கு அந்த நேரத்தில் அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிடம், ஐயோ பாவம், இதை ஒரு வருடமாக எப்படித் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்று இருந்தது. "ஆமா, மறந்திருப்பான்னுதான் யாருக்கும் தோணும். அவ மறக்கறவதான், மாத்திரையே மறந்தவதானே" என்றேன். மனசார இல்லை, வாயால் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் தலையை ஆட்டினார். அன்று கொஞ்சம் சாப்பிட்டார்.

போன வாரம் அக்காவுக்குச் சக்கர நாற்காலி வாங்கப் போனோம். இத்தனை நாளும் இருந்தது வாடகை நாற்காலி, அதன் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பெரிய வண்டியின் படி அக்காவின் இடுப்புக்கு வரும். கால் உள்ளவளே ஏறத் திணறுவாள். அத்தான் அவளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி உட்கார வைத்தார். கைப்பையை நான் எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். அது இல்லாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாள், இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள்.

கடை சின்னது. ஊன்றுகோல்களும் கட்டில்களும் அடைத்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் ஒரு புது நாற்காலியை விரித்தார். அக்காவை அதில் உட்கார வைத்து, பையை அதன் கைப்பிடியில் மாட்டினேன். நன்றாக இருந்தது. கழுத்துக்குத் தாங்கல் இருந்தது, சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. கடைக்காரர் விலையைச் சொன்னார். அநியாய விலை. எனக்கே தெரிந்தது, பாதிக்கு வரும் விலை.

அத்தான் பேசாமல் பணத்தை எடுத்தார். கடைக்காரருக்கு அது புதுசு போலிருக்கிறது. கொஞ்சம் சங்கடப்பட்டு, "அம்மாவுக்கு எப்படி ஆச்சு சார்?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

அத்தான் வாயைத் திறந்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். மேசை மேல் வைத்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

அக்கா அதைப் பார்த்தாள்.

நான் அவளுக்கு எதிரில்தான் நின்றிருந்தேன். அவள் முகம் மூடிக்கொண்டது. ஒன்றரை வருடமாக நான் பார்க்காத முகம், கடைக்குப் போகிற முகம். இடது கையை நீட்டிக் கைப்பிடியிலிருந்து பையைக் கழற்றினாள். அவசரமே படவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், சரியாக இடுக்கியிருக்கிறதா என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு அந்த இடது கையையே ஊன்றி, வாசலைப் பார்த்து எழுந்திருக்கப் போனாள். நான்கு விரற்கடை உயரம் எழும்பினாள். நாற்காலி பின்னால் நழுவியது. நான் பிடிப்பதற்குள் அத்தான் பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா, வேணாம்மா, உக்காரும்மா, நான் எதுவும் சொல்லலம்மா" என்று கதறினார். அவள் அவரைத் தள்ளிக்கொண்டே இருந்தாள், வெளியே போக வேண்டும் என்று.

கடைக்காரர் பதறிப் போய் மேசையைச் சுற்றி ஓடி வந்தார். "அம்மா, அம்மா, உக்காருங்க. நான் கொறைச்சே தரேன்மா, உக்காருங்க" என்றார்.

கடைக்காரர் முதலில் சொன்ன விலையையே அத்தான் கொடுத்தார். அக்கா வண்டியில் ஏறுகிற வரைக்கும் பையைக் கக்கத்திலிருந்து விடவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அத்தான் ரோட்டை ஒரு தரம், அந்தப் பையை ஒரு தரம் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.